லாரியின் முதுகில் மூன்று சொற்கள்

விமர்சனம் எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரு நாவலையோ சினிமாவையோ எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்டது ஒரு ஸ்டிக்கர். மொத்தமே மூன்று சொல். 2013 வாக்கில் லண்டன் நகரத்து லாரிகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டது: 'சைக்கிளிஸ்ட்ஸ் ஸ்டே பேக்'. சைக்கிளில் வருகிறவர்களே, பின்னாலேயே நில்லுங்கள் என்று அர்த்தம். ஒட்ட வைத்தது லண்டனின் போக்குவரத்து நிர்வாகமான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்.

மூணு சொல்லுல என்னய்யா விமர்சனம் என்று கேட்கலாம். ரோட்டில் எழுதியிருக்கும் வாக்கியங்கள் சின்னதாக இருப்பதால் படிக்கிறதோடு சரி, யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆனால் ஒரு நகரம் யாரை ரோட்டின் சொந்தக்காரராக நினைக்கிறது, யாரை வேண்டாத விருந்தாளியாகப் பொறுத்துக்கொள்கிறது என்பது அந்த மாதிரி வாக்கியங்களில்தான் பச்சையாகத் தெரியும். நம்ம ஊர் லாரிகளின் முதுகையே நினைத்துப் பாருங்கள். 'சவுண்ட் ஹார்ன்', 'கீப் டிஸ்டன்ஸ்', 'வெயிட் ஃபார் சைடு'. மூன்றுமே பின்னால் வருகிறவருக்கு இடும் கட்டளை. லாரி தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. 'என் இடது பக்கம் எனக்குத் தெரியாது' என்று எழுதிய ஒரு லாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

லண்டன் ஸ்டிக்கரைப் பற்றி விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. அந்த மூன்று சொல்லில் தொடங்கிய வாக்குவாதம் பத்து வருடத்தில் ஒரு சட்டமாகப் போய் முடிந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் லாரியின் ஜன்னலை அளந்து அதற்கு மதிப்பெண் போட்டு, மதிப்பெண் குறைந்தால் ஊருக்குள் விடமாட்டேன் என்று ஒரு நகரம் அதுவரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையில் நமக்கும் வேலை இருக்கிறது. பிரிட்டனிலும் நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். அங்கே சைக்கிள்காரர் எந்தப் பக்கம் மாட்டுகிறாரோ அதே பக்கம்தான் இங்கேயும்.

சந்து எப்படி மூடுகிறது

முதலில் விபத்து எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நீளமான லாரி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பின்சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறக்கூடாதே என்று டிரைவர் முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி, இடம் எடுத்துக்கொண்டு, பிறகு இடது பக்கம் ஒடிப்பார். பின்னால் வரும் சைக்கிள்காரருக்கு லாரி வலப்புறம் போவதுபோலத் தெரியும். இடது பக்கம் ஒரு சந்து திறக்கும். அவர் அதில் நுழைவார். சந்து மூடிக்கொள்ளும்.

இதில் வேகம் ஒரு விஷயமே இல்லை. பல நேரங்களில் சிக்னல் பச்சை ஆனதும் மனிதன் நடக்கிற வேகத்தில் லாரி நகரும்போதே இது நடந்துவிடுகிறது. டிரைவருக்கு இடித்ததுகூடத் தெரியாமல் போகலாம்.

2013 நவம்பரில் இரண்டே வாரத்துக்குள் லண்டன் சாலைகளில் ஆறு சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். எல்லாமே லாரி இடித்தது இல்லை, பஸ்ஸும் உண்டு. அந்த வருடம் முழுக்க இறந்தவர்கள் 14 பேர். மாதக் கடைசியில் ஆயிரம் பேர் அளவில் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்துக்கு வெளியே சைக்கிளோடு ரோட்டில் படுத்துப் போராட்டம் நடத்தினார்கள். அன்றைய மேயர் போரிஸ் ஜான்சன் அதே நாட்களில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதைத் தடை செய்யலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்.

லாரிகளின் பங்கு எவ்வளவு என்பதற்குப் பின்னால் வந்த ஒரு கணக்கு தெளிவான பதில் சொல்கிறது. 2016-இல் அந்த நிர்வாகமே வெளியிட்டது. லண்டனில் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரத்தில் கனரக லாரிகளின் பங்கு 4 சதவீதம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் நடந்த சைக்கிள்காரர் மரணங்களில் லாரிகள் சம்பந்தப்பட்டவை 58 சதவீதம். நாலுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ஹெட்ஃபோனை வைத்து விளக்க முடியாது. சைக்கிள்காரர்களின் பழக்கம்தான் காரணம் என்றால் காரும் வேனும் இடித்துச் சாகிறவர்களின் பங்கும் அதே அளவுக்கு ஏறியிருக்க வேண்டுமே!

ஸ்டிக்கரைப் படிப்பது

இப்போது ஸ்டிக்கருக்கு வருவோம். இந்த வாக்கியத்தில் மூன்று கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதல் கோளாறு, அது யாரிடம் பேசுகிறது என்பது. லாரியின் பின்னால் ஒட்டியிருப்பதால் பின்னால் வருகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். சிக்னலில் ஏற்கெனவே நிற்கும் சைக்கிள்காரரின் பக்கத்தில் லாரி வந்து நின்றால்? ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளை லாரி முந்தி வந்து, உடனே இடது பக்கம் ஒடித்தால்? அவர் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கவே போவதில்லை. லாரி சைக்கிளிடம் வருவது, சைக்கிள் லாரியிடம் போவது என்று இதில் இரண்டு வகை உண்டு. ஸ்டிக்கர் இரண்டாவதை மட்டுமே நினைத்து எழுதப்பட்டது. பழி எந்தப் பக்கம் சாய்கிறது பாருங்கள்.

இரண்டாவது, ரோட்டில் வரைந்திருக்கும் கோட்டோடு அது முரண்படுகிறது. பிரிட்டனில் பல சிக்னல்களில் நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று ஒரு பெட்டி வரைந்திருப்பார்கள். சைக்கிள்காரர்கள் முன்னால் போய் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. அந்தப் பெட்டிக்குப் போக இடது ஓரமாக ஒரு குறுகலான தடமும் வரைவார்கள். அதாவது நிற்கும் லாரியின் இடது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டுதான் முன்னால் போகவேண்டும். ரோடு 'முன்னால வா' என்கிறது. லாரி 'பின்னாலேயே நில்லு' என்கிறது. நகரத்தின் பெரிய சாலைகளில் இந்த இரண்டுமே ஒரே நிர்வாகத்தின் கையெழுத்து. எதைக் கேட்பது என்பது சைக்கிள்காரரின் தலைவிதி.

மூன்றாவது, தொனி. இந்த ஸ்டிக்கர் லாரியோடு நிற்காமல் வேன், பஸ் என்று பரவியது. பக்கத்தில் நிற்பவர் நன்றாகத் தெரியக்கூடிய சின்ன வேனும் 'பின்னாலேயே நில்லு' என்று சொல்ல ஆரம்பித்தது. அப்போது அது எச்சரிக்கை என்ற நிலையைத் தாண்டி அதிகாரம் ஆகிவிட்டது. சைக்கிள் அமைப்புகள் இதைத்தான் எதிர்த்தன. இடித்துவிட்டு 'ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனே' என்று சொல்ல இடம் கொடுக்கிறது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2014-இல் நிர்வாகம் இறங்கி வந்து வாசகத்தை மாற்றியது. புதிய வாசகம்: 'பிளைண்ட் ஸ்பாட், டேக் கேர்'. பார்வை படாத இடம், கவனமா இருங்க.

கட்டளை போய்த் தகவல் வந்தது. முன்னேற்றம்தான். ஆனால் எனக்கு இந்த இரண்டாவது ஸ்டிக்கரோடுதான் பெரிய சண்டை.

பிறவியிலேயே வந்ததா?

'பிளைண்ட் ஸ்பாட்' என்ற சொல் கண் மருத்துவத்திலும் உண்டு. நம் ஒவ்வொருவர் கண்ணிலும் பார்வை நரம்பு வெளியே போகும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அந்தப் புள்ளியில் விழுவது நமக்குத் தெரியாது. பிறக்கும்போதே வருவது, ஒன்றும் செய்ய முடியாது, மூளை சமாளித்துக்கொள்கிறது.

லாரிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினால் என்ன ஆகிறது? அதுவும் பிறவியிலேயே வந்த மாதிரி, மழை வெயில் மாதிரி, மனுஷன் கையில் இல்லாத ஒன்றாகத் தோன்றிவிடுகிறது. 'லாரின்னா அப்படித்தாங்க இருக்கும்'. ஆனால் லாரி யார் வயிற்றிலும் பிறப்பதில்லை. ஒரு மேஜையில் ஒருவர் அதை வரைகிறார். ஜன்னலின் அடி விளிம்பு எந்த உயரத்தில் இருக்கவேண்டும், டிரைவர் சீட் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்கிறார். அந்த முடிவில் மிச்சம் விழுந்த இடம்தான் மறைவிடம். போதாததற்கு 'ஸ்பாட்', புள்ளி என்று வேறு பெயர். ஒரு பெரிய டிப்பரின் இடது முன்பக்கத்தில் புள்ளி அளவு இடமா மறைகிறது? சைக்கிளோடு ஆளே மறையும் அளவுக்கு இடம்.

டிரைவர் ஏன் அவ்வளவு உயரத்தில் உட்காருகிறார் என்பதற்கும் காரணங்கள் உண்டு. ஐரோப்பாவில் லாரியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்தது. கேபினுக்குப் போகும் ஒவ்வொரு அடியும் சரக்குக்குக் குறையும். அதனால் மூக்கை வெட்டி, எஞ்சினுக்கு மேலேயே டிரைவரை ஏற்றி உட்கார வைத்தார்கள். கட்டட வேலைக்குப் போகும் டிப்பரும் ரெடிமிக்ஸ் லாரியும் மண்மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கவேண்டும் என்று இன்னும் உயர்த்திக் கட்டப்பட்டவை. மண்மேட்டில் அவை இருப்பது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் நகரத்தின் தார் ரோட்டில், பள்ளிக்கூட வாசலில், மார்க்கெட் முனையில்.

தாழ்ந்த கேபின் கட்டத் தெரியாமலும் இல்லை. மெர்சிடிஸ் கம்பெனி 1998-லேயே 'எகோனிக்' என்று ஒரு லாரியை இறக்கியது. கேபின் தாழ்வு, முன்கண்ணாடி பெரிது, கதவிலும் கண்ணாடி. அது பெரும்பாலும் குப்பை லாரியாகப் போனது. குப்பை அள்ளுபவர்கள் தெருவுக்குப் பத்து தடவை ஏறி இறங்கவேண்டும், அவர்கள் முழங்காலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தாழ்வான படி வைத்தார்கள். அந்த வசதியால் பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரரும் டிரைவர் கண்ணில் பட்டார். குப்பை லாரிக்கு முடிந்தது சிமென்ட் லாரிக்கு முடியாதா என்ற கேள்வி அதற்குப் பிறகு வெகுகாலம் யார் காதிலும் விழவில்லை.

அதுவரை எல்லோரும் நம்பியது கண்ணாடிகளை. ஐரோப்பிய விதிப்படி பெரிய லாரிக்கு இரண்டு பக்கமும் முக்கியக் கண்ணாடி, இரண்டு பக்கமும் அகலக் கண்ணாடி, இடது கதவுக்குக் கீழே பார்க்க ஒன்று, மூக்குக்கு முன்னால் பார்க்க ஒன்று என ஆறு. 2015 செப்டம்பர் முதல் லண்டனில், 3.5 டன்னுக்கு மேலான லாரிகள் இந்தக் கண்ணாடிகளும் பக்கத் தடுப்பும் இல்லாமல் ஓடக்கூடாது என்று ஆனது. பக்கத் தடுப்பு நல்ல விஷயம், விழுந்தவர் பின்சக்கரத்துக்கு அடியில் போகாமல் கொஞ்சமாவது தடுக்கும். ஆனால் கண்ணாடி?

இதைப் பற்றி மாதவரம் லாரி நிறுத்தத்தில் ஒரு டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக ஓட்டுகிறவர். என்னை அவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். என் நண்பனை ஒரு சைக்கிளோடு இடது கதவுக்குக் கீழே நிற்கச் சொன்னோம். ஜன்னல் வழியாக அவன் தலைகூடத் தெரியவில்லை. கண்ணாடியில் தெரிந்தான், ஆனால் அங்கே பார்க்கவேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால் தெரிந்தான். "தம்பி, ஆறு கண்ணாடி வெச்சாலும் கண்ணு ரெண்டுதானே?" என்றார் அவர். "அந்தக் கண்ணாடியப் பாக்குற நேரத்துல முன்னாடி ஒரு அம்மா குழந்தையோட குறுக்க போவாங்க. எதப் பாக்கச் சொல்ற?"

லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டன் நிர்வாகத்துக்காகச் செய்து 2016-இல் வெளிவந்த ஆய்வு இதே பதிலைத்தான் எண்களில் சொல்லியது. ஜன்னல் வழியாக நேராகப் பார்ப்பதைவிட, கண்ணாடியிலோ திரையிலோ பார்த்து உணர்வதற்கு டிரைவருக்குச் சராசரியாக 0.7 வினாடி அதிகம் ஆகிறது. மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி அந்த நேரத்தில் 4.7 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு சைக்கிளின் நீளம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. மாதவரத்து அண்ணன் சொன்ன 'ரெண்டு கண்ணு' விஷயத்தின் நீளம் இரண்டு சைக்கிளுக்கும் மேல்.

நட்சத்திரமும் பின்வாசலும்

2016-இல் மேயர் சாதிக் கான் அறிவித்த திட்டம் இந்த இடத்தில்தான் வேறு மாதிரி யோசித்தது. 'டைரக்ட் விஷன் ஸ்டாண்டர்ட்', நேரடிப் பார்வைத் தரம் என்று பெயர். லஃபரோ பல்கலைக்கழகம் அளக்கும் முறையை உருவாக்கியது. டிரைவரின் கண் இருக்கும் இடத்திலிருந்து, கண்ணாடியோ கேமராவோ இல்லாமல், ஜன்னல்கள் வழியாக மட்டும் சுற்றியுள்ள இடத்தில் எவ்வளவு கன அளவு தெரிகிறது என்று கணக்கிடுவார்கள். அதற்கேற்ப பூஜ்யம் முதல் ஐந்து வரை நட்சத்திரம். 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரியும் லண்டனுக்குள் வர அனுமதி வாங்கவேண்டும். கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. அனுமதி இல்லாமல் வந்தால் அபராதம் 550 பவுண்ட்.

இந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை, அது ஒரு வாக்கியத்தின் எழுவாயை மாற்றியதுதான். 'சைக்கிள்காரரே, லாரியின் கண்ணில் படுங்கள்' என்பது 'லாரியே, கண்ணைத் திற' என்று ஆனது. மறைவிடம் இயற்கை என்ற கதை அன்றோடு முடிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், இன்னொன்றுக்கு ஐந்து என்று நட்சத்திரம் போட முடிகிறது என்றாலே அது வடிவமைப்பு என்றுதானே அர்த்தம்?

ஆனால் விதியின் இரண்டாம் பாகத்தைப் படித்தால் ஒரு பின்வாசல் இருக்கிறது. முதல் கட்டத்தில் குறைந்தபட்சம் ஒரு நட்சத்திரம் வேண்டும். பூஜ்யம் வாங்கிய லாரி? அதற்கும் அனுமதி உண்டு, கேமரா, சென்சார், கூடுதல் கண்ணாடி, இடது திரும்பும்போது கத்தும் ஒலிப்பான், பக்கத் தடுப்பு எல்லாம் பொருத்திக்கொண்டால். கூடவே ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கரும். ஆமாம், அதே ஸ்டிக்கர் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 2024 அக்டோபர் 28 முதல் வரம்பு மூன்று நட்சத்திரமாக உயர்ந்தது. மாற்றிக்கொள்ள 2025 மே 4 வரை அவகாசம் கொடுத்தார்கள். இப்போதும் மூன்று இல்லாத லாரி இன்னும் நல்ல சென்சார்களைப் பொருத்திக்கொண்டு உள்ளே வரலாம்.

திட்டத்தின் பெயர் நேரடிப் பார்வை. அதற்கு அடிப்படை, திரையில் பார்ப்பது 0.7 வினாடி தாமதம் என்ற ஆய்வு. ஆனால் நேரடிப் பார்வை இல்லாதவர்களுக்கு அது கொடுக்கும் மாற்று வழி, இன்னும் ஒரு திரை! இந்த முரண்பாட்டைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒரு லாரி பத்து வருடத்துக்கும் மேல் உழைக்கும். ஒரே லாரியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் 'நாளையிலிருந்து உன் வண்டி ஊருக்குள் வரக்கூடாது' என்று சொல்வது லேசான விஷயமில்லை. சென்சார் பொருத்துவது புது லாரி வாங்குவதைவிட மலிவு. சென்சார் பயனற்றது என்றும் நான் சொல்லவில்லை, நல்ல சென்சார் உயிரைக் காக்கும். ஆனால் மாற்று ஏற்பாடு என்பது ஒரு தேதியோடு வரவேண்டும். 'இந்த வருடத்துக்குப் பிறகு பூஜ்யம் கிடையவே கிடையாது' என்று முடிவு தேதி போடாத சலுகை, நாளடைவில் விதியையே தின்றுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விஷயத்தில் மெதுவாக, ஆனால் வேரிலிருந்து போகிறது. புதிய மாடல் லாரிகளுக்கு 2026 ஜனவரியிலிருந்தும், விற்கப்படும் எல்லாப் புதிய லாரிகளுக்கும் 2029 ஜனவரியிலிருந்தும் நேரடிப் பார்வைக்குக் குறைந்தபட்ச அளவு கட்டாயம். தொழிற்சாலையிலேயே திருத்துவது. அதே ஒன்றியத்தில் இருக்கும் பிரான்ஸ், 2021 ஜனவரி முதல் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாம் 'மறைவிடம்' என்ற ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் பின்னாலும் ஒட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. ஸ்டிக்கர் மலிவு. எந்த அரசுக்கும் அதன்மேல் ஒரு கண் இருக்கும்.

நம்ம பக்கம்

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம், இருசக்கர மோட்டார் வண்டியில் போனவர்கள். நம் ஊரில் சைக்கிள் நிற்கும் அதே இடது ஓரத்தில்தான் ஸ்கூட்டியும் டிவிஎஸ் எக்ஸெல்லும் நிற்கின்றன. லாரி கேபினிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. அதனால் 'இது சைக்கிள்காரங்க பிரச்சினை' என்று ஒதுக்க முடியாது.

நம் லாரிகளில் ஒரு காலத்தில் உலகத்திலேயே நல்ல இடது பக்க சென்சார் இருந்தது. அதற்குக் கிளீனர் என்று பெயர். மாதவரத்து அண்ணன் சொன்னார்: "முன்னெல்லாம் கிளீனர் பையன் தலைய வெளிய நீட்டி, கதவத் தட்டிக்கிட்டே வருவான். 'அண்ணே, சைக்கிள் நிக்குது'ன்னு கத்துவான். இப்ப ஊருக்குள்ள பாதி வண்டி ஒத்த ஆளாத்தான் ஓடுது. ஓனருக்குப் பேட்டா மிச்சம்." லண்டன்காரர்கள் பணம் கொட்டி வாங்கிய ஒலிப்பானை நாம் பேட்டாவுக்காக இறக்கிவிட்டோம்.

இன்னொன்று, முன்கண்ணாடி. நம் லாரிகளின் முன்கண்ணாடியில் மேலே ஓனர் பெயர், குலசாமி பெயர், கீழே பூ, பொம்மை, படம். டிரைவருக்கு அது நம்பிக்கை, அதைக் கேலி பண்ண நான் ஆளில்லை. ஆனால் குறுக்கே போகும் குழந்தை தெரியவேண்டிய இடமும் கண்ணாடியின் அந்த அடிப்பகுதிதான். சாமி படத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பதற்கு எந்தச் சட்டமும் செலவும் தேவையில்லை. இங்கே நேரடிப் பார்வையின் முதல் நட்சத்திரம் இலவசம்.

இலவசம் என்றதும் இன்னொரு விஷயம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் அரசு நம்முடையது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06 முதல் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்குமாக விரிந்த திட்டம். எனக்கு மிகவும் பிடித்த திட்டங்களில் ஒன்று. அந்தச் சைக்கிள் ஓடப்போகும் ரோட்டைப் பற்றியும் ஒரு நல்ல காகிதம் இருக்கிறது. 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டு, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்குவதாகச் சொன்னது. சைக்கிள் கையில் கிடைத்துவிட்டது, கொள்கையும் காகிதத்தில் கிடைத்துவிட்டது. நடுவில் தண்ணி லாரி ஓடுகிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்வோம்? 'லாரிக்கு இடது பக்கம் போகாதே. சிக்னல்ல லாரி நின்னா அதுக்குப் பின்னாலயே நில்லு. டிரைவர் முகம் உனக்குத் தெரியலைன்னா உன் முகம் அவருக்குத் தெரியாது.' நானும் என் அக்கா மகளிடம் இதையேதான் சொல்கிறேன், இன்னும் சொல்லுவேன். உயிர் காக்கும் அறிவுரை. அப்படியானால் லண்டன் ஸ்டிக்கர் சொன்னதும் இதுதானே, அதன்மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள்.

யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். ஒரு தாய்மாமன் 'பின்னாலயே நில்லு' என்றால் அது பாசம். லாரியை மாற்றும் அதிகாரம் அவனிடம் இல்லை, பிள்ளையை எச்சரிக்கத்தான் முடியும். லாரிக்கு அனுமதி கொடுக்கிற, ரோட்டில் கோடு போடுகிற, அபராதம் விதிக்கிற நிர்வாகம் அதே வாக்கியத்தைச் சொன்னால், தன் வேலையைப் பதினாறு வயசுப் பிள்ளையின் தலையில் தூக்கி வைக்கிறது என்று அர்த்தம். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமே 2022 ஜனவரியில் இதை ஒப்புக்கொண்டது. அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவருக்குத்தான் அதிகப் பொறுப்பு என்று முதல் விதியாகச் சேர்த்தது. இனி எந்தப் பாதுகாப்பு வாசகத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இது யாருக்கு வேலை கொடுக்கிறது?

சென்னையில் உடனே நட்சத்திர அனுமதி முறையைக் கொண்டுவா என்று நான் கேட்கப்போவதில்லை. முதலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லண்டனிலும் சட்டத்துக்கு முன்னால் அதுதான் வேலை செய்தது: ஒப்பந்தம். பெரிய கட்டுமானத் திட்டங்கள், தங்களுக்கு மண்ணும் கான்கிரீட்டும் ஏற்றி வரும் லாரிகளுக்குப் பக்கத் தடுப்பு, டிரைவர் பயிற்சி என்று நிபந்தனை போட்டன. நிபந்தனைக்கு ஒத்துவராத லாரிக்கு லோடு இல்லை. சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு ரெடிமிக்ஸ் ஏற்றும் லாரி, குடிநீருக்கு ஒப்பந்தத்தில் ஓடும் டேங்கர், குப்பை அள்ளும் காம்பாக்டர், இவை அத்தனைக்கும் பணம் கொடுப்பது அரசு அமைப்புகள்தான்.

டெண்டரில் நான்கு வரி சேர்த்தால் போதும். வளையாத, உடையாத பக்கத் தடுப்பு இருக்கவேண்டும், மோட்டார் வாகன விதியில் ஏற்கெனவே இருப்பதுதான். நகரத்துக்குள் ஓடும்போது இடது சீட்டில் ஒரு ஆள் இருக்கவேண்டும், அவருக்கான பேட்டா ஒப்பந்தத் தொகையிலேயே சேரவேண்டும். முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் எதுவும் ஒட்டக்கூடாது. டிரைவருக்கு டிரிப் கணக்கில் கூலி கூடாது, நாள் கணக்கில் கொடுக்கவேண்டும். சந்து மூடும் அந்த நேரத்தில் டிரைவர் இன்னொரு தடவை இடது பக்கம் பார்ப்பாரா என்பதை, அடுத்த டிரிப்புக்கான அவசரம் தீர்மானிக்கக்கூடாது.

இந்த நான்கில் ஒன்றுகூட சைக்கிள்காரரைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் பாட்டுக்கு ஓரமாகப் போய்க்கொண்டிருக்கட்டும்.